கள்ளுக்கடைக் காசில் வந்த பால்

வலது மணிக்கட்டு உடைந்ததால்தான் நான் ஆயாக்கொட்டகை வேலைக்குப் போனேன். முந்தின நாள் பெய்த மழையில் சரிவெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. காண்டாக் கம்பின் இரு பக்கமும் ரப்பர் பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கும்போது கால் வழுக்கி, வாளிகளோடு நானும் உருண்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு சேர்ந்தது, ஆனால் நேராகச் சேரவில்லை. உளியை அழுத்திப் பிடித்து மரத்துப் பட்டையை வெட்ட முடியாதவளுக்கு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் இடம் இல்லை.

தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

“ஆயாக்கொட்டகையில புள்ளைங்கள பாத்துக்க ஆள் வேணும். சம்பளம் கொறச்சல்தான். இருக்கியா?”

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. இருக்கிறேன் என்றேன்.

தாய்மார் மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்தான் ஆயாக்கொட்டகை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, விட்டத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். பதினைந்து பிள்ளைகளுக்குக் கட்டியது. நான் போன சமயம் அதில் நாற்பதுக்குக் குறையாமல் இருந்தார்கள். அதற்குக் காரணம் வேலி.

எங்கள் தோட்டம் மலாயாவில், கெமாஸுக்குப் போகும் ரயில் பாதையை ஒட்டியிருந்தது. முன்பு மூன்று பிரிவுகளில் தள்ளித் தள்ளி லயன் வீடுகள் இருந்தன. அவசரகாலத்தில் எல்லோரையும் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் இரட்டைக் கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் அரிசி போய்ச் சேரக் கூடாதென்று அந்த ஏற்பாடு. விடிந்த பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள். வேலைக்குப் போகிற பெண்களை ஒரு மறைப்புக்குள் நிற்க வைத்து மடி வரை தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. எல்லோரும் போனதும் கேட்டைப் பூட்டினால் நடுப்பகலுக்குப் பிறகுதான் மறுபடி திறப்பார்கள்.

வேலியால் யார் யாருக்கு என்ன கஷ்டம் என்று அந்தக் காலத்தில் பலரும் பேசினார்கள். கைக்குழந்தைகளின் கஷ்டத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. மரம் வெட்டி முடித்த பிறகு, பால் வடிந்து மரத்தில் கட்டிய மங்கு நிறையும் வரை ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் தாய்மார் ஓடி வந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். வேலி வந்த பிறகு அது நின்றுபோயிற்று. விடியற்காலை குடித்த பாலோடு பிள்ளைகள் மதியம் வரை கிடந்தன. இடையில் நான் கொடுக்க இருந்தது உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர். அரிசியும் அளந்துதான் வந்தது.

எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று. அதன் தாய் எனக்கு முன் நிரை மரங்களை வெட்டியவள். குழந்தைக்கு முதலில் வயிற்றுப்போக்கு. பிறகு அழுவதை நிறுத்திவிட்டது. ஆயாக்கொட்டகையில் அழுகிற பிள்ளைக்குப் பயப்பட வேண்டியதில்லை. அழாத பிள்ளைக்குத்தான் பயப்பட வேண்டும் என்பதை அந்த வாரத்தில் கற்றுக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் புகட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. குழந்தை என் மடியிலேயே போய்விட்டது. தாயைக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டுமானால் கேட்டைத் திறக்க வேண்டும். அதற்கு ஆபீசில் எழுதி வாங்க வேண்டும். எழுதி வாங்கி அவள் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

வந்தவள் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பால் கட்டிப்போய் அவள் ரவிக்கை நனைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. மறுநாள் காலை ஆபீஸ் படியேறினேன்.

“ஐயா, புள்ளைங்களுக்குப் பால் வேணும். டின் பால்மாவு வாங்கினா போதும், நான் கரைச்சுக் குடுக்குறேன்.”

பெரிய கிராணி கெட்டவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தொரைகிட்ட நானே கேட்டுப் பாத்தேன்மா. கம்பிக்கும் காவலுக்குமே செலவு தாங்கலங்குறாரு. எஸ்டேட் கணக்குல பாலுக்கு எடம் இல்ல.”

“வேற எந்தக் கணக்குல எடம் இருக்கு?”

அப்போதுதான் அவர் கள்ளுக்கடை நிதியைப் பற்றிச் சொன்னார். தோட்டத்துக் கள்ளுக்கடையில் வருகிற லாபத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அது தொழிலாளர் நலனுக்கென்று தனியாகச் சேர்கிறது. எதற்குச் செலவழிப்பது என்று தொழிலாளர் கமிட்டி முடிவு செய்து துரையிடம் சொல்லும். “அது உங்க பணம்தான். ஒன் வீட்டுக்காரர்தான் கமிட்டியில இருக்காரே, தெரியாதா?”

அவர் கமிட்டியில் இருப்பது தெரியும். அந்தக் கமிட்டி என்ன செய்கிறது என்பது தெரியாது. திருவிழாவுக்கு மேடை போடுகிற கமிட்டி என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்.

“கள்ளுக்கடை நிதியில என்ன செய்யப் போறீங்க?”

“ரேடியோ வாங்கப் போறோம். ஒலிபெருக்கியோட. எல்லாம் பேசி முடிச்சாச்சு.”

“அதுல புள்ளைங்களுக்குப் பால் வாங்கணும்.”

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். என் வீட்டுக்காரர் அளவாகக் குடிப்பவர். என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அன்று அவருக்குக் கோபம் வந்தது.

“ஆம்பளைங்க குடிச்ச காசு அது. சூரியன் எறங்கறதுக்குள்ள கம்பிக்குள்ள வந்து அடையுறோம். வெளிய ஒரு படம் பாக்கப் போக முடியுதா, சொந்தக்காரன் வீட்டுக்குப் போக முடியுதா? ஒரு பாட்டுக் கேக்கறது கூடவா தப்பு?”

அவர் சொன்னதும் நியாயம்தான். இன்றும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். வேலிக்குள் அடைபட்ட ஆண்களுக்குப் பொழுது போவதும் ஒரு தேவை. ஆனால் என் மடியில் போன குழந்தையின் கனம் இன்னும் தொடையில் இருந்தது.

“பாட்டு அடுத்த வருஷமும் கேக்கலாங்க. இந்த வருஷம் பால் குடிக்காத புள்ள அடுத்த வருஷம் இருக்காது.”

அவர் கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து படுக்கும் முன், “அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டம். நீயே வந்து சொல்லு. என் வாயால சொன்னா பொண்டாட்டி பேச்சக் கேட்டு ஆடுறான்னுதான் சொல்லுவானுங்க” என்றார்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் மட்டும் போகவில்லை. பதினெட்டுத் தாய்மார், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாணவர்களின் பெஞ்சுகளில் போய் உட்கார்ந்தோம். கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எழுந்து நான்கு வாக்கியம்தான் பேசினேன். பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றோடு கிடக்கிறார்கள், ஒரு மாதத்துக்கு எத்தனை டின் வேண்டும், போன வாரம் யார் பிள்ளை செத்தது. கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தத் தாய் முன் பெஞ்சில் கை வெறுமையாக உட்கார்ந்திருந்தாள்.

கை தூக்கச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் தூக்கினார். ரேடியோ தள்ளிப்போயிற்று.

பால்மாவு வந்த பிறகு வேறொரு தொல்லை. காட்டுக்குள் போய்விடும் என்று, சேர்த்து வைக்க முடியாதபடி டின் சாமான் எதையும் ஓட்டை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பெரிய டின்களின் தலையில் போலீஸ்காரர் ஆணியால் குத்தினார். ஓட்டை வழியே ஈரம் புகுந்து முதல் மாதம் இரண்டு டின் மாவு கட்டியாகிப் புளித்துப்போயிற்று. நான் கேட்டுக்குப் போய் சார்ஜெண்டிடம், எனக்குத் தெரிந்த மலாயில், புளித்த மாவைக் கையில் அள்ளிக் காட்டினேன். அவருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். டின்கள் ஸ்டோர் அறையில் பூட்டியிருக்கட்டும், சாவி கிராணியிடம் இருக்கட்டும், தினம் காலையில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் நான் எடுத்துக்கொள்ளலாம், ஓட்டை வேண்டாம் என்று ஏற்பாடு செய்தார்.

மூன்று மாதத்தில் பிள்ளைகளின் தோல் மாறியது. அழுகைச் சத்தம் அதிகமாயிற்று. எனக்கு அது சந்தோஷம்.

இனிச் சொல்லப்போவது எனக்கு வெட்கமான விஷயம். கள்ளுக்கடை சாயங்காலம் நான்கு மணிக்குத் திறக்கும். முன்பெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். பால் வரத் தொடங்கியதும் தினமும் பார்க்க ஆரம்பித்தேன். வாசலில் கூட்டம் நிறைய இருந்தால் என் மனசு சமாதானமாகும். மழை பெய்து கூட்டம் குறைந்தால் அடுத்த மாதம் டின் குறைந்துவிடுமோ என்று கவலை வரும். ஒரு நாள், தள்ளாடிக்கொண்டு மறுபடி கடைக்குள் போன ஒருவனைப் பார்த்து, ‘இன்னும் ஒரு கிளாஸ்’ என்று மனதுக்குள் எண்ணிவிட்டேன். அவன் பிள்ளை என் தொட்டிலில்தான் தூங்கும்.

அவன் மனைவி மறுநாள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டபோது உதடு வீங்கியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஒன்ன குத்தம் சொல்லலக்கா. எம் புள்ளைக்கு நீ பால் குடுக்குற. ஆனா எல்லாருக்கும் சும்மா வர்ற பாலுக்கு நான் மட்டும் ரெண்டு வாட்டி குடுக்குறேன். அவரு காசக் குடுக்குறாரு, நான் அடியக் குடுக்குறேன்.”

சொல்லிவிட்டுக் காண்டாவைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு ஓடினாள். வாங்கிக் கொடுத்தோம் என்று நான் பெருமைப்பட்ட பாலுக்கு யாரிடமிருந்து வசூலாகிறது என்று அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். குடிப்பது கூடினால் பிள்ளை பிழைக்கும், குடிப்பது குறைந்தால் பிள்ளை வாடும் என்ற ஏற்பாட்டை நான்தான் கை தூக்க வைத்துக் கொண்டுவந்திருந்தேன்.

வேறு பணம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். மறுபடி பெரிய கிராணி.

“ஐயா, நம்ம ரப்பருக்கு அரசாங்கம் வரி போடுதாமே, நெசமா?”

“கப்பல் ஏறுற ரப்பருக்கு வரி உண்டு. வெலை ஏற ஏற வரியும் ஏறும். இப்ப நல்ல வெலை.”

“அதுல என்ன செய்றாங்க?”

“பட்டாளம், போலீசு, கம்பி.” விரல் விட்டு எண்ணினார். “ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடமும் இருக்குமா. அரசாங்கம்னா எல்லாம்தான்.”

“அந்த எல்லாத்துல எங்க ஆயாக்கொட்டகை இல்லையா?”

அவர் சிரித்தார். பிறகு நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சிரம்பான்ல தொழிலாளர் இலாகா ஆபீஸ் இருக்கு. மனு எழுதலாம். ஆனா இந்தக் காலத்துல கையெழுத்து வாங்க வீடு வீடாப் போனா, என்னா கூட்டம் சேக்குறன்னு கேப்பாங்க. யோசிச்சுக்க.”

வீட்டுக்காரரும் அதையே சொன்னார். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரைப் பிடித்துக்கொண்டுபோய் வருஷக்கணக்கில் உள்ளே வைத்திருந்தார்கள். கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு. “ஒன்ன ஏத்தி அனுப்பினா அங்க யாரத் தெரியும் நமக்கு? நீ பொறந்ததே இங்கதான்” என்றார்.

“ஒளிச்சுச் செஞ்சாதானே சந்தேகம். நான் தொரைகிட்ட காட்டிட்டே அனுப்புறேன்.”

நான்காம் வகுப்புப் படிப்புதான் எனக்கு. மணிக்கட்டு வலிக்கும், நான்கு வரிக்கு ஒரு தடவை நிறுத்தி எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று. நாங்கள் மரத்துப் பால் எடுக்கிறோம், அதற்கு அரசாங்கம் வரி எடுக்கிறது, அந்த வரியிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பால் வேண்டும், கள்ளுக்கடையிலிருந்து வேண்டாம். விஷயம் அவ்வளவுதான். பட்டப்பகலில், ஆயாக்கொட்டகை வாசலில், பிள்ளையை எடுக்க வரும் தாய்மாரிடம் படித்துக் காட்டி, இஷ்டமானவர்களிடம் மட்டும் கைநாட்டு வாங்கினேன். இருபத்தேழு பெருவிரல்கள். பயந்து ஒதுங்கியவர்களை நான் வற்புறுத்தவில்லை. வீங்கிய உதட்டோடு வந்தவள் இரண்டு கைக்கும் மை தடவப் பார்த்தாள். ஒன்று போதும் என்றேன்.

துரைக்குக் கிராணி படித்து மொழிபெயர்த்துச் சொன்னார். துரை என்னைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பலாம் என்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. நான் தபாலில் சேர்த்தேன்.

நான்காம் நாள் என்னைக் கேட்டுக்குப் பக்கத்துப் போலீஸ் கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஓர் அதிகாரி இருந்தார். தமிழ் பேசுகிற போலீஸ்காரர் ஒருவர் மொழிபெயர்த்தார். யார் எழுதிக் கொடுத்தது? நான்தான் எழுதினேன். யார் சொல்லி எழுதினாய்? யாரும் சொல்லவில்லை. காட்டிலிருந்து யாராவது வந்து பேசினார்களா? இல்லை. பிறகு ஏன் வரியைப் பற்றி எழுதினாய்? வரி எங்கள் மரத்திலிருந்து போவதால் எழுதினேன். என்னிடம் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து மனுவின் முதல் வரியை எழுதச் சொன்னார்கள். கோணல் கையெழுத்து ஒத்துப்போயிற்று. இருந்தாலும் பெஞ்சில் பிற்பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொல்வதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும்போது போகச் சொன்னார்கள். வெளியே என் வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அன்று அவர் கள்ளுக்கடைக்குப் போகவில்லை என்பது பக்கத்தில் வந்ததும் தெரிந்தது.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலை, முன்னும் பின்னும் துப்பாக்கிக்காரர்களோடு ஒரு வண்டி வந்தது. தொழிலாளர் இலாகா அதிகாரியும் சுகாதார டாக்டரும் இறங்கினார்கள். அதிகாரி தமிழர், வெள்ளைச் சட்டையில் வியர்வை பூத்திருந்தது. டாக்டர் தொட்டில் தொட்டிலாகப் பிள்ளைகளின் கண்ணையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டு போனார். அதிகாரி என் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு நின்றார்.

“பால்தான் வருதேம்மா. அதுக்குன்னுதானே அந்த நிதி இருக்கு.”

“கள்ளு குடிக்கிறது கொறஞ்சா பாலும் கொறையணுமா ஐயா? அப்ப நாங்க எங்க ஆம்பளைங்கள குடிக்காதீங்கன்னு சொல்றதா, குடிங்கன்னு சொல்றதா?”

அவர் பொறுமையாக விளக்கினார். “இங்க பாருங்க. கள்ளுக் காசு ஒங்க தோட்டத்துக்கே திரும்பி வருது. வரி அப்படியில்ல. அது பொதுவுல சேர்ந்துடும். ஒங்க ரப்பர்ல வந்த வரி ஒங்களுக்கே திரும்பணும்னு கேக்க முடியாது.”

“போட்டவங்களுக்கே திரும்பி வந்தா அது சீட்டுப் பணம் ஐயா, வரி இல்ல. நான் எனக்குன்னு கேக்கல. எனக்குப் புள்ளையே கெடையாது. யார் குடுக்க முடியுமோ அவங்ககிட்ட வாங்கி, யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் குடுக்கத்தானே அரசாங்கம்? கள்ளுக்கடை அதைத் தலகீழா செய்யுது.”

“ஒங்க தோட்டத்துக்குக் குடுத்தா எல்லாத் தோட்டமும் கேக்கும்.”

“கேக்கட்டும் ஐயா. எல்லா எடத்துலயும் புள்ளைங்க இருக்கு.”

அவர் டாக்டரோடு ஆங்கிலத்தில் பேசினார். வேலி எப்போது பூட்டுகிறார்கள், தாய்மார் எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டார். போகும்போது அதிகாரி, “யார் எழுதிக் குடுத்ததுன்னு எங்க ஆபீஸ்லயும் கேட்டாங்க. நீங்களேதான் எழுதினீங்கன்னு நான் போய்ச் சொல்றேன்” என்றார்.

நான் கேட்டது அப்படியே கிடைத்தது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. ரப்பர் வரியிலிருந்து பாலுக்கு என்று எதுவும் வரவில்லை. டாக்டர் எழுதிய அறிக்கையை வைத்து, இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தோட்டமே தன் செலவில் பால் கொடுக்க வேண்டும் என்று துரைக்கு உத்தரவு வந்தது. முற்பகலில் ஒரு தடவை, பால் கொடுக்கிற தாய்மாருக்காக மட்டும் கேட்டைத் திறக்க ஒப்புக்கொண்டார்கள். அதுவும் கிட்டத்து நிரைகளில் வெட்டுகிறவர்களுக்குத்தான் உதவியது. அரசாங்கம் தன் பங்குக்கு வாரம் ஒரு நாள் ஒரு நர்சை வேனில் அனுப்பியது. அவருடைய சம்பளம் வரிப் பணம் என்று கிராணி சொன்னபோது, அந்த வேனை நான் நின்று நன்றாகப் பார்த்தேன். சாம்பல் நிறம், சக்கரத்தில் செம்மண். எங்கள் மரங்களிலிருந்து கப்பலேறிப் போனதில் ஒரு துளியாவது திரும்பி வந்திருக்கிறது, அல்லது வேறு யாரோ கட்டியது எங்களுக்கு வந்திருக்கிறது. இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

கள்ளுக்கடை மூடவில்லை. ஆனால் பாலை அதிலிருந்து பிரித்துவிட்டோம். அதன் பிறகுதான் தாய்மாரால் வாய் திறந்து பேச முடிந்தது. சம்பள நாளன்று கடை திறக்கக் கூடாதென்று அவர்கள் கேட்டார்கள். ஒரு வருஷம் விடாமல் கேட்டு அதை வாங்கினார்கள். அதற்கான கமிட்டிக் கூட்டத்தில் நான் பேசவில்லை. உதடு வீங்கி வந்தவள்தான் பேசினாள்.

நர்ஸ் முதல் நாள் தராசு கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராகத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நிறுத்தார். எடையை எழுத எனக்குச் சொல்லிக் கொடுத்தார். வேலை முடிந்து தண்ணீர் குடிக்கும்போது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தைக் காட்டி, மழை பெய்தால் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டார். கூரையில் பாதித் தகரம் போய்விட்டிருந்தது. ஒரு மூலையில் நெருக்கி உட்காருவார்கள் என்றேன். வேன் போன பிறகு கிராணியிடம் இரண்டு தாள் வாங்கிவந்து, அடுத்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.